இடது காதில் கையேடு

ஆர்லிஸ் ஹௌத்தாலாவுக்கு வலது காதில் மனிதர்கள் பேசினார்கள், இடது காதில் கையேடு பேசியது. அமெரிக்காவின் வட எல்லையை ஒட்டிய டுலூத் நகரத்தில், வீடுகளைக் கதகதப்பாக்கும் பாய்லர்களைச் செய்யும் கம்பெனியில், டெக்னீஷியன்களுக்கான உதவி லைனில் அவர் வந்து உட்கார்ந்த நாள் முதல் ஏற்பாடு அதுதான். யாரோ ஒருவர் பழைய வீடொன்றின் பேஸ்மென்ட்டில் குந்தியபடி, தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, இந்த மாடலில் வால்வை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று கேட்பார். ஆர்லிஸின் விரல்கள் விசைப்பலகையில் ஓடும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இடது காதில் அதிவேகமாகப் படித்துக்கொண்டே போகும். எங்கள் காதுக்கு அது பேச்சாகவே இராது; பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுவது போலிருக்கும். கேட்டவர் இருமி முடிப்பதற்குள் அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அது அவருக்குப் பிடிக்காது. நாங்கள் கண்ணால் பக்கத்தை மேய்ந்தோம், அவர் காதால் மேய்ந்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கண்ணால் மேய்கிறவன் எதிராளி பேசும்போது கண்ணை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு காதிலும் இரண்டு குரல்களை ஒரு நாள் முழுக்க வாங்குகிறவருக்கு நிறுத்தும் இடம் கிடையாது. பக்கத்து மேசை என்னுடையது. வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றியபின் ஆர்லிஸ் கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, கோலைத் தட்டிக்கொண்டு, பனிக்கட்டி படிந்த சரிவில் பேருந்து நிறுத்தத்துக்கு இறங்குவார். பேருந்தில் தெரிந்தவர்கள் யாராவது பேச்சுக் கொடுத்தால் தூங்குவது போலிருப்பார். அதை அவரே ஒருமுறை சொன்னார், கூச்சமில்லாமல்.

இருபதுகளின் கடைசியில் அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் முழுதாகப் போயிற்று. அதன்பின் மருத்துவமனையில் டாக்டர்கள் ஒலிப்பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. சொற்களை மென்று விழுங்குகிற டாக்டர்கள், சாண்ட்விச் தின்றுகொண்டே அறுவைசிகிச்சையை விவரிக்கிற டாக்டர்கள் எல்லாரையும் கேட்டார். பிறகு கேட்பதையும் கணினியே கற்றுக்கொண்டது. அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பாய்லர் கம்பெனி அவரை எடுத்தது இரக்கத்தால் அல்ல. அந்த ஆண்டு குளிர் கடுமை, ஆள் இல்லை, அவருக்குக் காது இருந்தது.

எங்களிடம் இரண்டு லைன்கள் உண்டு. டெக்னீஷியன் லைனில் தொழில் தெரிந்தவர்கள் தொழில் கேள்வி கேட்பார்கள். வாரண்டி லைனில் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கத்துவார்கள். அங்கே எடுப்பவர் எழுதிவைத்த வாக்கியங்களை வாசித்து, வருந்துகிறோம் என்று சொல்லி, வேறு எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் தலைமை அலுவலகம் ஒரு வரம்பு வைத்தது. ஒருவர் எடுக்கும் அழைப்புகளின் சராசரி நேரம் அந்த வரம்பைத் தாண்டினால், குளிர்காலம் முடிந்ததும் அவர் வாரண்டி லைனுக்குப் போவார். சுற்றறிக்கையை ஆர்லிஸ் தன் வேகத்தில் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்க போனா நான் மன்னிப்பு கேக்குற மெஷின். அதுக்கு ஏற்கெனவே மெஷின் இருக்கு."

அவர் பயந்தது இதற்குத்தான். சம்பளம் இரண்டு லைனிலும் ஒன்றே.

அதே பருவத்தில் ஒரு புது மாடல் சந்தைக்கு வந்தது. அதன் கையேடு அச்சில் வரவில்லை, இணையப் பக்கமாக மட்டுமே வந்தது. பொறியாளர்கள் எழுதிய கையேடு என்பதால் அதில் அடிக்குறிப்புகள் மண்டிக் கிடந்தன. அடிக்குறிப்பு என்பது ஒருவர் தனக்குத் தெரிந்ததை உரக்கச் சொல்ல விரும்பாமல் கீழே இறக்கி வைக்கிற இடம். முதலில் அட்டவணையை எழுதுவார்கள். பிறகு சோதனைக்கூடம் ஒரு விலக்கைச் சொல்லும், வக்கீல் ஒரு விலக்கைச் சொல்லுவார். அட்டவணையைத் திருத்த மனமில்லாமல் எண்ணின் தலையில் ஒரு குட்டி எண்ணை ஏற்றிவிடுவார்கள். கண்ணுக்கு அது சிரமமில்லை. குட்டி எண்ணைப் பார்க்கும், கீழே ஒரு எட்டு எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பும். தான் போய் வந்ததே அதற்குத் தெரியாது. காதுக்கோ அது அறையைவிட்டு வெளியேறிப் போவது. போன வேலை முடிந்ததும் எந்தக் கதவு வழியாக வந்தோம் என்று தடவித் தேட வேண்டும். அதுவரை வலது காதில் ஒருவர் குளிரில் காத்திருப்பார்.

கையேட்டின் முதல் வடிவத்தில், பன்னிரண்டு என்ற எண்ணின் தலையில் குறிப்பு எண் நான்கு இருந்தால், மென்பொருள் இரண்டையும் ஒட்டி நூற்று இருபத்து நான்கு என்று படித்தது. ஆர்லிஸ் மாடிக்குச் சொல்லி அனுப்பினார். மாடியில் ஆவணங்களுக்குப் பொறுப்பு கோரின் வெபர். நேர்மையான பெண், எதையும் பாதியில் விடமாட்டார். அவர் அதை மனத்தில் வாங்கிக்கொண்டார். பல வாரங்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு குட்டி எண்ணுக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாக்கியத்தை எழுதிச் சேர்த்தார். காதால் படிப்பவர்களுக்கு மட்டும் அது கேட்கும்: இது அடிக்குறிப்புக்கான இணைப்பு, குறிப்பு எண் இது, இன்ன பிரிவின் இறுதியில் உள்ளது, அங்கே செல்ல இதை அழுத்தவும், திரும்பி வர அங்குள்ள இணைப்பை அழுத்தவும். ஒரு வரியில் மூன்று எண்கள் இருந்தால் இந்தப் பாராயணம் மூன்று தடவை.

கோரின் அதைத் தன் கணினியில் கேட்டுப் பார்த்திருந்தார். கண்ணைத் திறந்து வைத்து, மெதுவான வேகத்தில், ஒரு பக்கம், போனில் யாரும் இல்லாமல். அப்படிக் கேட்டால் அது மரியாதையும் அக்கறையும் நிறைந்த பக்கம்தான். இணையப் பக்கங்களைச் சோதிக்கும் கருவியிலும் போட்டுப் பார்த்தார். கருவி முழு மதிப்பெண் கொடுத்தது. பிறகு ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து ஆர்லிஸின் மேசைப் பக்கம் நின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு, கோரின். ரொம்ப உழைச்சிருக்கீங்க."

இந்த ஊரில் வேறு எதுவும் சொல்லிவிட முடியாது. இங்கே சாவு வீட்டுச் சாப்பாட்டில் ஹாட்டிஷ் என்கிற இறைச்சி-உருளைக்கிழங்குக் கலவை உப்புக் கரித்தாலும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, செய்தவரிடம் பக்குவம் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருவர் கையால் செய்து கொண்டுவந்ததை முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்களுக்குக் கதவை ஓங்கிச் சாத்துவது போல. கோரினும் இதே ஊரில் பிறந்தவர்தான். யாராவது நல்லாத்தான் இருக்கு என்றால் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் களைத்துப்போனவர் பாராட்டைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஆர்லிஸின் அழைப்புகள் நீண்டன. பேஸ்மென்ட்டிலிருந்து ஒருவர் எண் கேட்பார், இடது காதில் பாராயணம் ஓடும், அது முடிவதற்குள் வலது காதில் இன்னொரு கேள்வி வந்து விழும், இரண்டும் மோதும். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார். டெக்னீஷியன்கள் முனகினார்கள். மாத முடிவில் வந்த கணக்கில் அவர் சராசரி வரம்புக்கு மேலே நின்றது.

அந்த மென்பொருளில் பேச்சு அகராதி என்று ஒரு வசதி உண்டு. இந்தச் சொற்கள் வந்தால் இப்படிச் சொல் என்று அதற்குக் கற்றுக்கொடுத்து வைக்கலாம். கண் தெரியாதவர்கள் எல்லாருமே தங்கள் வசதிக்கு அதில் ஏதாவது செய்து வைத்திருப்பார்கள். இணையத்தில் அவர்கள் காதில் விழுகிற குப்பை அத்தனை. ஆர்லிஸ் அதில் ஒரு விதி எழுதினார். கோரினின் நீண்ட வாக்கியம் வந்தால் 'குறிப்பு' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல். அது சில நாள் நன்றாகவே ஓடியது. பிறகு பெரிய அட்டவணைகள் வந்தன, ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பு, குறிப்பு, குறிப்பு. நவம்பரில் ஒரு மதியம் அவர் அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டார். குட்டி எண்கள் மௌனமாயின. எண்கள் மட்டும் சுத்தமாக, வரிசையாக, இடது காதில் வந்து விழுந்தன. அவர் சராசரி இறங்கியது. இதை அவர் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அதில் ஒரு நியாயமும் அவருக்கு இருந்தது. பழைய மாடல்களின் குறிப்புகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். புது மாடலுக்கும் போகப் போக வந்துவிடும் என்று நினைத்தார்.

ஜனவரியில் வெர்லின் ஸ்கோகன் கூப்பிட்டான். கிராமத்துப் பக்கம் வேலை பார்க்கிற மெக்கானிக், எங்கள் லைனுக்கு மிகப் பழக்கமானவன், யார் எடுத்தாலும் ஒருமையில்தான் பேசுவான். ஒரு வயதான தம்பதி அரிசோனாவுக்குக் குளிருக்குப் பயந்து கிளம்புகிறார்கள், போவதற்கு முன் புது பாய்லரைச் சரிபார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் குழாய் வழியே வாயு வராது. வீட்டுக்கு வெளியே பெரிய தொட்டியில் புரொப்பேன் நிரப்பி வைத்திருப்பார்கள். அதையும் வெர்லின் முதலிலேயே சொன்னான். ஆர்லிஸ் அட்டவணைக்குப் போனார், மாடலின் வரியைப் பிடித்தார், வால்வின் எண்ணைச் சொன்னார். வெர்லின் நன்றி சொல்லி வைத்துவிட்டான். அந்த எண்ணின் தலையில் ஒரு குறிப்பு இருந்தது. புரொப்பேனுக்கு மாற்றிய பாய்லர்களுக்கு இந்த எண் பொருந்தாது, அடுத்த அட்டவணையைப் பார்க்கவும் என்பது அதன் பொருள்.

பாய்லர் சில நாள் எரிந்தது. தவறான கலவையில் எரிந்ததால் உள்ளே கரி படிந்து அடைத்தது. பாதுகாப்பு விசை தன் கடமையைச் செய்து அதை அணைத்தது. வீட்டில் ஆள் இல்லை. குழாய்களில் தண்ணீர் உறைந்தது, வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் கவனித்தபோது சமையலறைக் கூரை இடிந்து தரையில் கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. தம்பதி பாதியில் திரும்பி வந்தார்கள்.

வெர்லின் ஒரு காலையில் கூப்பிட்டு ஆர்லிஸைத்தான் கேட்டான். அவன் பேசியது எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம்.

"நீ சொன்ன நம்பரைத்தான் வெச்சேன்."

"தெரியும், வெர்லின். நான் சொன்னது தப்பு."

"தப்புன்னு இப்ப சொல்லு. அந்தம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கூரையைப் பாத்துட்டு என்னைப் பாத்துது, அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். நீ சொன்னா சரியா இருக்கும்னு பாய்லர் மூடிக்குள்ள ஒட்டியிருக்கற தாளைக்கூடப் படிக்காம விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். இல்ல, உன்னைத்தான் சொல்லணும்."

"என்னைச் சொல்லு."

அவன் சொன்னான். அதில் சிலவற்றை இங்கே எழுத முடியாது. ஆர்லிஸ் கடைசிவரை கேட்டார். வைத்தபின் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, நன்றாகத் திட்டினான் என்று என்னிடம் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது, அது எனக்கு அன்று புரியவில்லை.

புரிந்தது மேலாளர் க்ளென் பெக்மன் அவரைக் கூப்பிட்ட அன்று. விதிப்படி ஊழியர் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்பதால் நானும் போனேன். க்ளென் நல்ல மனிதர். ஆர்லிஸுக்குத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார், இடம் எங்கே என்று தேவைக்கு மேல் விளக்கினார். வெர்லின் அப்படிப் பேசியதற்குக் கம்பெனி சார்பில் வருந்துவதாகவும், அவனைக் கண்டிக்கப்போவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றார் ஆர்லிஸ். பிறகு தன் பேச்சு அகராதியில் செய்ததை, முதல் விதி, இரண்டாவது விதி என்று ஒளிக்காமல் சொன்னார். க்ளென் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு முன்னால் மேசையில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

"இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஆர்லிஸ். உங்களைக் கண்டிப்பா சொல்ல முடியாது."

"ஏன்?"

"கருவி அப்படி இருக்கு. உங்க நிலைமையில யாரா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பாங்க. அதான் யோசிச்சோம், வாரண்டி லைன்ல கொஞ்சம் நெருக்கடி கம்மி. உங்களுக்கும் நிம்மதி."

ஆர்லிஸ் க்ளெனின் குரல் வந்த பக்கம் நேராகத் திரும்பினார்.

"போன வருஷம் நம்ம லைன்ல இருக்கற ரோலண்ட், மாடலை மாத்திச் சொல்லி ஒரு ஸ்கூல்ல ரெண்டு நாள் சூடு இல்லாம போச்சு. அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"எழுத்துல ஒரு எச்சரிக்கை."

"லைனை மாத்துனீங்களா?"

"இல்ல. ஆனா அது வேற, ஆர்லிஸ். ரோலண்ட் கவனக்குறைவு."

"நானும் கவனக்குறைவுதான். அந்தச் சத்தத்தை நிறுத்துனது கருவி இல்ல, கோரின் இல்ல. எனக்கு நேரம் பத்தல, நான் நிறுத்துனேன். ரோலண்டுக்குக் குடுத்ததையே எனக்கும் குடுங்க."

"அது உங்க ஃபைல்ல ஏறிடும்."

"ரோலண்டோடதுல ஏறியிருக்கில்ல."

க்ளென் என்னைப் பார்த்தார், உதவி கேட்பது போல. அவர் கொடுக்க வந்தது கருணை. அதை ஒருவர் ஏன் திருப்பித் தள்ளுகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. நாம் குழந்தையைக் குற்றம் சொல்வதில்லை, மழையைக் குற்றம் சொல்வதில்லை. ஒருவரை முழுவதுமாக மன்னித்துவிடுவது சில சமயம் அவரை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது. கூரை இடிந்ததற்கு வானிலை எவ்வளவு பொறுப்போ அவ்வளவே ஆர்லிஸும் பொறுப்பு என்றால், இத்தனை ஆண்டுகள் அவர் சொன்ன சரியான எண்களுக்கும் அவர் பொறுப்பில்லை என்றாகிவிடும். வெர்லின் திட்டியபோது அவர் குரலில் நான் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டடத்தோடு தொடர்புள்ளவர்களில் அவன் ஒருவன்தான் அவரை ஒரு தவறு செய்யக்கூடிய ஆளாக நடத்தியிருந்தான்.

இதில் பிடிவாதமும் இருந்தது. அந்தத் தம்பதிக்கு ஆர்லிஸ் எச்சரிக்கை வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன, கூரை திரும்பி வராது. குறிப்புகளை மூடி வைத்ததை அவர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தால் யாராவது ஏதாவது செய்திருக்கலாம். சொல்லாததற்குக் காரணம், தனக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று கேட்க அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது ஒரு வீட்டைச் சேதப்படுத்தியது.

யோசித்துச் சொல்வதாக க்ளென் கூட்டத்தை முடித்தார். மறுநாள் கோரின் கீழே வந்தார். இந்தத் தடவை தட்டு இல்லை. முகம் சிவந்திருந்தது.

"நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இனிப்போட வந்து நின்னு கேட்டா வேற என்ன சொல்றது, கோரின்."

"அப்ப என்மேலதான் தப்பா?"

"உங்க பங்கு உங்களுக்கு. என் பங்கை நான் க்ளென்கிட்ட கேட்டு வாங்கிட்டிருக்கேன், குடுக்க மாட்டேங்கறாரு."

கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வரக்கூடாத நேரத்தில். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருந்தால் சரியாக இருக்கும் என்று முதல்தடவையாக, முடித்துவிட்டு வந்து கேட்காமல், முன்கூட்டிக் கேட்டார்.

அதை அவருக்குக் காட்டுவதற்காக ஆர்லிஸ் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். எங்களுக்குப் புரிகிற வேகம் அவருக்கு வேதனை. நம்மிடம் யாராவது ஒரு வாக்கியத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. கோரினைத் திரையை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டச் சொன்னார். இடது காதில் கையேடு. வலது காதில் நான், பக்கத்து மேசையிலிருந்து, பேஸ்மென்ட்டில் கை விறைத்துப்போன மெக்கானிக்காகக் கேள்வி கேட்டேன். கோரின் முதல் அட்டவணையின் நடுவிலேயே கையைத் தூக்கிவிட்டார். இது இரண்டு பேர் வேலை என்றார். ஒரு ஆள் சம்பளத்துக்கு என்றார் ஆர்லிஸ், வேகத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டே.

அவர் கேட்டது அதிகமில்லை. நீண்ட வாக்கியத்தை எடுத்துவிட்டு, குறிப்பு நாலு என்று சொன்னால் போதும். ஒரு விசையை அழுத்தினால் குறிப்பு இருந்த இடத்திலேயே காதில் விழ வேண்டும். அதே விசையை மறுபடி அழுத்தினால் விட்ட சொல்லிலிருந்து தொடர வேண்டும். மூன்றாவதாக ஒன்று கேட்டார். எண்ணை அடியோடு பொய்யாக்குகிற குறிப்பு குறிப்பாக இருக்கக் கூடாது. புரொப்பேனுக்கு இந்த எண் இல்லை என்றால் அதை எண்ணுக்கு முன்னால், அதே கட்டத்தில் எழுத வேண்டும், கண்ணால் படிப்பவனுக்கும் சேர்த்துத்தான்.

முதல் இரண்டும் கோரின் கையில் இருந்தன, செய்துவிட்டார். மூன்றாவது பொறியாளர்களிடம் போனது. அட்டவணை அசிங்கமாகிவிடும் என்றார்கள். எது எச்சரிக்கை, எது வெறும் குறிப்பு என்று யார் முடிவு செய்வது என்றார்கள். கோரின் ஒவ்வொரு குறிப்பாகத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போனார். சில மேலே ஏறின. பல கீழேயே கிடக்கின்றன. புரொப்பேன் மேலே ஏறிவிட்டது. அதற்கு ஒரு சமையலறைக் கூரை விழ வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஆர்லிஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. க்ளென் பணிந்துவிட்டாரா, அல்லது தலைமை அலுவலகம் வேறு காரணத்துக்காக ஒரு காகிதம் தேவை என்றதா, தெரியாது. லைன் மாற்றம் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட தாளை அப்படியே படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஆர்லிஸ் திறந்தார், இயந்திரம் 'படம்' என்றது. கீழே இறங்கினார், 'பக்கத்தின் முடிவு' என்றது. நான் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று பணியாளர் பிரிவுக்குப் போன் செய்தார். எனக்கு வந்த எச்சரிக்கை எனக்குப் படிக்கக் கிடைக்கவில்லை, எழுத்தாக அனுப்புங்கள், அதன்பின் பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறேன் என்றார். அந்தப் பக்கத்துப் பெண் க்ளென் வந்து வாசித்துக் காட்டுவார் என்றாள். ரோலண்டுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லையே என்றார் ஆர்லிஸ். எழுத்தாக வருவதற்கு வாரக் கடைசி ஆயிற்று. வந்ததும் தன் வேகத்தில் ஒரே மூச்சில் கேட்டார். எனக்குத் தையல் மெஷின் சத்தம்தான் கேட்டது. சரியாக எழுதியிருக்கிறார்கள் என்றார்.

வரம்பை அவருக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம் என்று க்ளென் சொல்லிப் பார்த்தார். எல்லாருக்கும் தளர்த்துவீர்களா என்று ஆர்லிஸ் கேட்டார். அது முடியாது என்றார் க்ளென். அப்படியென்றால் வேண்டாம். பேச்சு அகராதியிலிருந்த விதியை அழித்துவிட்டதால் குறிப்புகள் திரும்பக் காதில் விழுந்தன. சுருங்கித்தான், ஆனாலும் விழுந்தன. அழைப்புகள் மறுபடி நீண்டன. மார்ச் முடிவில் பட்டியல் வந்தபோது அவர் நூலிழையில் வரம்புக்குள் இருந்தார். அவரை உள்ளே இழுத்து வைத்தவை நவம்பர், டிசம்பர், ஜனவரி அழைப்புகள், குறிப்புகள் மௌனமாக இருந்தபோது அவர் விரைந்து முடித்தவை. வெர்லினின் அழைப்பும் அவற்றில் ஒன்று. வரம்புக்கு வெகு கீழே முடிந்த அழைப்பு அது. இதை அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். மகிழ்ச்சி எதுவும் இல்லை.

வெர்லின் அவ்வளவு நாளும் அவர் பக்கம் வரவில்லை. அழைப்பு அவருக்கு விழுந்தால் வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு, என்னிடமோ ரோலண்டிடமோ வருவான். ஏப்ரலில், ஏரி ஓரத்தில் பனிக்கட்டி இன்னும் கிடந்த ஒரு நாளில், எல்லாரும் வேறு அழைப்பில் இருந்தார்கள் போலிருக்கிறது. நான் அப்போதுதான் ஒன்றை முடித்திருந்தேன். ஆர்லிஸ் எடுத்து, கம்பெனி பெயரையும் தன் பெயரையும் சொல்வது கேட்டது.

"ஆமா, வெர்லின், நான்தான். வேற ஆளு வேணும்னா இரு, மாத்தி விடறேன்."

அவன் என்ன சொன்னான் என்று அவர் அப்புறம் சொன்னார். "வேணாம். கை விறைக்குது, நீயே சொல்லு. ஆனா அடியில எழுதியிருக்கறதையும் படி. ஒண்ணு விடாம படி."

அவர் மாடலைக் கேட்டார், வாயு எது என்று இரண்டு தடவை கேட்டார், வரியைப் பிடித்தார். எண்ணைச் சொன்னார். பிறகு ஒவ்வொரு குறிப்பாக விசையை அழுத்தி, இடது காதில் கேட்டு, வாயால் திருப்பிச் சொன்னார். அவற்றில் பெரும்பாலானவை அவனுக்குத் தேவையில்லாதவை. உயரமான ஊர்களுக்கான குறிப்பு, கனடாவுக்கான குறிப்பு. நடுவில் அவன் ஏதோ முனகியிருக்க வேண்டும், நீதானே விடாமல் படிக்கச் சொன்னாய் என்றார். கடைசிக் குறிப்பு முடிந்தது. எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், அவன் சொன்னான், சரி என்றார். நன்றி சொல்லாமல் வைத்துவிட்டான்.

அழைப்பு வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அடுத்த பருவத்தின் கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கியிருந்தது. ஆர்லிஸ் கண்களை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். அடுத்த ஆள் காத்திருப்பதாக இடது காதில் சொல்லியிருக்கும். எடுத்தார்.